சனசமூக நிலைய வாசிகசாலைக்குச் சதுரங்க நூல்கள்: எவற்றை வாங்குவது, எந்த ஒழுங்கில் வாசிப்பது?

வடமராட்சி வாசிகசாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்கி வருகின்றோம். தரம் 5 முதல் தரம் 10 வரை படிக்கின்ற பிள்ளைகள் வருகின்றார்கள். காய்களின் நகர்வுகள் அனைவருக்கும் தெரியும். பாடசாலைப் போட்டிகளில் விளையாடிய சிலரும் இருக்கின்றார்கள். வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர் சதுரங்க நூல்களுக்கென ஓர் அலுமாரியும் சிறு தொகையும் தந்திருக்கின்றார். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதி நூல்களின் விலை எங்கே போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே விரல்விட்டு எண்ணக்கூடிய நூல்களையே வாங்க முடியும். வாங்குவது ஒவ்வொன்றும் பயன்பட வேண்டும்.

நிர்வாகசபையில் இரண்டு கருத்துகள் உள்ளன. பயிற்சி நூல்களை மட்டும் வாங்கினால் போதும் என்பது ஒன்று. இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, யார் வளர்த்தார்கள் என்று சொல்லும் நூல்களும் ஓர் அடுக்கில் இருக்க வேண்டும் என்பது மற்றையது. எங்கள் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் தமிழிலேயே சரளமாக வாசிப்பவர்கள் என்பதையும் கருத்திற்கொண்டு, அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.


கோட்டையும் காலாளும் எழுதியது:

பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பழக்கி வருபவன் என்ற வகையில் என் முதற் பரிந்துரையைத் தயக்கமின்றிச் சொல்வேன். கியூபாவைச் சேர்ந்த உலக வாகையர் கப்பபிளாங்கா 1921 இல் வெளியிட்ட அடிப்படை நூலையே முதலில் வையுங்கள். தொடக்க ஆட்டங்களின் பெயர்ப் பட்டியலோடு தொடங்கும் நூல்களைப் போன்றதன்று அது. வெறும் அரசனும் கோட்டையும் கொண்டு எதிரி அரசனை எவ்வாறு பலகையின் ஓரத்துக்குத் தள்ளி முடிப்பது, ஒரு காலாளை எதிரியின் கடைசி வரிசையான எட்டாம் நிரைக்கு எவ்வாறு அழைத்துச் செல்வது என்பவற்றிலிருந்தே அது தொடங்குகின்றது. பலகையில் மூன்று அல்லது நான்கு காய்கள் மட்டுமே நிற்கும்போதுதான் ஒரு காயின் உண்மையான வலு என்னவென்று பிள்ளை காண்கின்றது. முப்பத்திரண்டு காய்களும் நெருங்கி நிற்கும் பலகையில் அது தெரிவதில்லை.

நம் ஊரில் இதற்கு நேர்மாறாகவே பழக்குகின்றார்கள். போட்டிக்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னர் ஒரு தொடக்க ஆட்டத்தின் பன்னிரண்டு நகர்வுகளை மனனம் செய்ய வைக்கின்றார்கள். எதிராளி ஐந்தாம் நகர்விலேயே வேறு வழி போனால் பிள்ளை திகைத்து நிற்கின்றது. ரியூசன் வகுப்பில் விடையை மனனம் செய்து பழகிய பிள்ளைக்கு அது இயல்பாகவே தோன்றும். அந்தப் பழக்கத்தைச் சதுரங்கத்துக்குள்ளும் நாமே கொண்டுவரக் கூடாது.

அந்த நூலின் மூலப் பதிப்பு குட்டன்பேர்க் இணையத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. அச்சிட்டுக் கட்டிக்கொள்ளலாம், வாங்கத் தேவையில்லை. 2006 இல் வந்த திருத்தப் பதிப்பு மூலத்தின் பல இடங்களைத் தொட்டு மாற்றியது. ஆகவே அதைத் தவிருங்கள்.

பணம் கொடுத்து வாங்க வேண்டிய முதல் நூல் இர்விங் செர்னெவ் 1957 இல் எழுதிய, ஆட்டங்களை நகர்வு நகர்வாக விளக்கும் நூல். 33 முழு ஆட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கும். முதல் நகர்வில் அரசனின் காலாளை ஏன் இரண்டு கட்டம் தள்ளுகின்றோம் என்பதைக்கூட அவர் மீண்டும் மீண்டும் அலுக்காமல் விளக்குவார். முதிர்ந்த ஆட்டக்காரருக்கு அது மிகையாகத் தோன்றலாம். தரம் 7 பிள்ளைக்கோ அதுதான் வேண்டும்.

பலகையில் சில காய்களே எஞ்சும் இறுதியாட்டத்துக்கு ஜெரமி சில்மன் 2007 இல் எழுதிய நூல் பொருத்தமானது. ஆட்டக்காரரின் தரத்துக்கேற்ப எந்த இறுதியாட்டத்தை எப்போது கற்க வேண்டும் என்று படி படியாக ஒழுங்குபடுத்தியிருக்கின்றார். உங்கள் பிள்ளைகளுக்கு முதல் மூன்று அல்லது நான்கு பகுதிகளே சில ஆண்டுகளுக்குப் போதும். தூவரெற்ஸ்கியின் இறுதியாட்டக் கையேட்டின் பெருமையைக் கேள்விப்பட்டு அதை வாங்கிவிடாதீர்கள். அது தேர்ந்த போட்டியாளருக்கான நூல். வாசிகசாலையில் திறக்கப்படாமலே தூசி படியும்.


கொக்குவில் மாணவன் எழுதியது:

வணக்கம். நான் உயர்தரம் படிக்கின்றேன். ஒரு கேள்வியைப் பணிவுடன் முன்வைக்க விரும்புகின்றேன். லீசெஸ் போன்ற தளங்களில் முடிவில்லாத புதிர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்ரொக்பிஷ் என்ற கணினி நிரல் எந்த ஆட்டத்தையும் சில நொடிகளில் ஆராய்ந்து தவறுகளைச் சுட்டிக்காட்டுகின்றது. நான் பெரும்பாலும் அவ்வாறே கற்றேன். இந்த நிலையில், கிடைத்த பணத்தில் ஒரு பழைய மடிக்கணினியும் இணைய இணைப்பும் வாங்குவது கூடிய பயன் தராதா?


நெல்லியடி ஆசிரியை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. இணையப் புதிர்களை நானும் வகுப்பில் பயன்படுத்துகின்றேன். அவற்றை விலக்கச் சொல்லமாட்டேன். ஆனால் புதிர் திரையில் வரும்போதே, இந்த நிலையில் வெல்லும் நகர்வு ஒன்று இருக்கின்றது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகின்றது. உண்மையான ஆட்டத்தில் அப்படி யாரும் மணி அடித்துச் சொல்வதில்லை. எந்தத் தாக்குதலும் இல்லாத அமைதியான நிலையில் என்ன செய்வது, எந்தக் காய் வேலையின்றி நிற்கின்றது, எந்தக் காலாளைத் தள்ளினால் பின்னர் வருந்த நேரும் என்பவற்றைப் புதிர் கற்பிக்காது. நிரலோ இந்த நகர்வு சிறந்தது என்று ஓர் எண்ணைக் காட்டும். ஏன் என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லாது. நல்ல நூலாசிரியர் அந்த ஏன் என்பதற்காகவே நூல் எழுதுகின்றார்.

என் வகுப்பில் செர்னெவ் நூலை இப்படி வாசிக்கின்றோம். பலகையில் காய்களை அடுக்கி, நூலின் பக்கத்தை ஓர் அட்டையால் மறைத்துவிடுவேன். அடுத்த நகர்வு என்னவாக இருக்கலாம் என்று பிள்ளைகள் தம் கொப்பியில் காரணத்துடன் எழுத வேண்டும். பின்னர் அட்டையைக் கீழே நகர்த்தி ஆசிரியர் சொல்லும் காரணத்தை நான் தமிழில் வாசித்துக் காட்டுவேன். பிள்ளையின் நகர்வு வேறாக இருந்தால் உடனே பிழை என்று சொல்வதில்லை. அதைப் பலகையில் விளையாடிப் பார்ப்போம். ஒரு மாலையில் ஓர் ஆட்டம்கூட முடியாது போகலாம். அதனால் நட்டம் எதுவும் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் நமக்குக் கிடைக்கும் சதுரங்க நூல்களிற் பெரும்பாலானவை விதிகளையும் சில தொடக்க ஆட்டங்களையும் சொல்லி நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் செல்ல விரும்பும் பிள்ளைக்கு ஆங்கிலமே வழி என்றாகிவிட்டது. ஆனால் சதுரங்க நூலின் பாதி, நகர்வுகளும் வரைபடங்களுமே. எஞ்சிய பாதியை ஒரு பெரியவர் உடனிருந்து தமிழில் சொல்ல முடியும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நூலாசிரியரின் பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரையே நீடிக்கும். கப்பபிளாங்கா 1942 இல் மறைந்தார். ஆகவே அவருடைய 1921 ஆம் ஆண்டு நூலைத் தமிழில் மொழிபெயர்ப்பதற்கு நமக்குத் தடையில்லை. முதல் அத்தியாயத்தையாவது நம்மவர் சிலர் சேர்ந்து செய்தால், அது வாங்கும் எந்த நூலையும்விட நீண்ட காலம் பயன்படும்.

முற்றிலும் புதியவர்களுக்கு, 1966 இல் பொபி பிஷரின் பெயரில் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கற்பித்தல் நூலையும் கவனியுங்கள். கேள்வி, விடை, அடுத்த கேள்வி என்று அது செல்லும். வலப்பக்கத் தாள்களை மட்டும் முதலில் வாசித்து, முடிவில் நூலைத் தலைகீழாகத் திருப்பி மற்றப் பக்கங்களை வாசிக்க வேண்டும். சொற்கள் மிகக் குறைவு. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளையும் தனியே படித்துவிடும். கடைசி நிரையில் அரசன் அகப்படுவதைப் பற்றியே பெரும்பகுதி பேசுகின்றது. ஆகவே அதை ஒரு முழுமையான பாடநூலாக எண்ண வேண்டாம்.


கோட்டையும் காலாளும் எழுதியது:

ஆசிரியை சொன்ன கொப்பி முறையை நான் முழுமனதோடு வழிமொழிகின்றேன். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, கடைகளில் நூல்களும் இல்லை. அந்நாட்களில் எங்களிடம் இருந்த ஒரே நூலை மண்ணெண்ணெய் விளக்கில் கொப்பிகளில் படியெடுத்துத்தான் படித்தோம். வரைபடங்களைக் கையால் கீறும்போது ஒவ்வொரு காயும் எங்கே நிற்கின்றது என்பது மனத்தில் பதிந்துவிடும். அந்த நன்மைக்காகவே இன்றும் என் மாணவர்களைக் கீறச் சொல்கின்றேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் பயிற்சி நூல்களைப் பற்றியே சொல்லியிருக்கின்றீர்கள். வரலாற்று நூல்களைப் பற்றி நான் எழுதுகின்றேன். ஆனால் அவற்றைத் தனி அடுக்கில் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் மறுக்கின்றேன். தனி அடுக்கில் வைத்தால் அவை அழகுக்கு இருக்கும். சதுரங்கத்தில் வரலாறும் பயிற்சியும் ஒரே பலகையில்தான் இருக்கின்றன.

நெல்லியடி ஆசிரியை தம் மாணவர்களுக்கு, கோட்டையும் காலாளும் தனிக் கோட்டையை எதிர்க்கும் இறுதியாட்டத்தில், தன் கோட்டையால் அரசனை மறைத்துக் காக்கும் பாலம் அமைக்கும் முறையை நிச்சயம் கற்பித்திருப்பார். உலகம் முழுவதும் அதை லூசேனா நிலை என்று அழைக்கின்றார்கள். லூசேனா 1497 இல் சலமன்காவில் அச்சிட்ட நூல் இன்று எஞ்சியுள்ள அச்சிட்ட சதுரங்க நூல்களுள் மிகப் பழையது. ஆனால் அந்த நிலை அவருடைய நூலில் இல்லை. 1634 இல் வெளியான சல்வியோவின் நூலிலேயே அது காணப்படுகின்றது. பாடத்தோடு இதையும் சொன்னால் பெயருக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை அன்றே கற்கின்றது. நிலையும் மறக்காது.

லூசேனாவின் அந்நூல் வேறொரு வகையிலும் அரியது. அரசி ஒரு கட்டம் மட்டும் மூலைவாட்டாக நகர்ந்த பழைய விதிக்கும், பலகை முழுவதும் பாயும் புதிய விதிக்கும் இடைப்பட்ட காலத்தில் அது எழுதப்பட்டது; இரு விதிகளுக்கும் உரிய புதிர்கள் அதில் உள்ளன. புதிய விதி 1475 ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் வலென்சியாவில் எழுதப்பட்ட கவிதை ஒன்றில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிகின்றது. ஒரு ஞாயிறு மாலை உங்கள் பிள்ளைகளைப் பழைய அரபு விதிப்படி விளையாட விடுங்கள். அரசியின் இடத்தில் ஒரு கட்டம் மூலைவாட்டாகச் செல்லும் ஆலோசகர். மந்திரியின் (பிஷப்) இடத்தில் மூலைவாட்டாக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும் யானை. காலாள் முதல் நகர்விலும் ஒரே கட்டம். எதிரி அரசனைத் தனியனாக்கினாலும் வெற்றி. அந்த ஆட்டம் எவ்வளவு மெதுவாகச் செல்கின்றது என்பதை உணர்ந்த பிள்ளை, இன்றைய ஆட்டத்தில் அரசியைப் பெற்றிருப்பது எத்தகைய வலு, அதைத் தொடக்கத்திலேயே வெளியே கொண்டுவந்து துரத்தப்படுவது எத்தகைய வீண் என்பதை உபதேசமின்றியே விளங்கிக்கொள்ளும். காலாட்களே ஆட்டத்தின் உயிர் என்று 1749 இல் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் எழுதியதை வாசிக்கும்போதும் அதன் பொருள் வேறுவிதமாகத் தெரியும்.

நூல்களுக்கு வருகின்றேன். அடிப்படை நூல் எச். ஜே. ஆர். மறே 1913 இல் ஒக்ஸ்போட்டில் வெளியிட்ட சதுரங்க வரலாறு. ஏறத்தாழ 900 பக்கங்கள். ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறேயின் மகன் அவர். அரபுச் சுவடிகளை நேரே வாசிக்கவென்று அரபு மொழியைக் கற்றுக்கொண்டே அதை எழுதினார். அதை வாங்க வேண்டாம். பழைய பதிப்பின் மின்படி இணைய ஆவணக் காப்பகத்தில் உள்ளது, பழக்குபவர்கள் தேவையான பகுதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கையில் கொடுக்க டேவிட் ஷெங்க் 2006 இல் எழுதிய நூல் நல்லது. 1851 இல் இலண்டனில் அன்டர்சனும் கிசெரிட்ஸ்கியும் ஆடிய ஒரே ஆட்டத்தை நகர்வு நகர்வாகச் சொல்லிக்கொண்டே இடையிடையே சதுரங்கத்தின் முழு வரலாற்றையும் சொல்கின்றது. அரசியின் எழுச்சியைப் பற்றி மட்டும் மரிலின் யலோம் 2004 இல் எழுதிய நூல் உண்டு. மூத்த மாணவியர் விரும்பி வாசிப்பார்கள். யூரி அவர்பாக்கின் வரலாற்று நூல் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் இறுதியாட்ட ஆய்வில் பேராசான். 1922 இல் பிறந்து நூறு வயது வாழ்ந்தவர். பத்தாம் நூற்றாண்டில் பக்தாத் அரசவையில் ஆடிய அஸ்-சூலி, தன்னிடம் கற்றவரைத் தவிர எவராலும் தீர்க்க முடியாது என்று சொல்லி விட்டுச் சென்ற நிலை ஒன்றை, ஆயிரம் ஆண்டுகள் கடந்து 1980களில் தீர்த்தவர் அவரே. வரலாற்றை அறிந்ததனால் அந்த நிலை அவர் கைக்கு வந்தது. இறுதியாட்டத்தை அறிந்ததனால் தீர்த்தார்.


திருநெல்வேலித் தந்தை எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயாவின் பதிவை மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தேன். ஆயினும் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கிழமையில் கிடைப்பது ஒரு மாலை மட்டுமே. மற்ற நேரமெல்லாம் பரீட்சைகளுக்குப் போய்விடுகின்றது. அந்த ஒரு மாலையில் பழைய விதிகளை விளையாடினால் போட்டிக்கு வேண்டிய பயிற்சி எப்போது நடக்கும்? நிர்வாகசபையில் ஒரு சாரார் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இன்னொரு கேள்வியும் உண்டு. இலங்கையில் இராவணனின் மனைவியே சதுரங்கத்தைக் கண்டுபிடித்தாள் என்று என் மகள் எங்கோ வாசித்துவிட்டு வந்து, நம் நாட்டில் பிறந்த ஆட்டம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கின்றாள். மன்னார்குடிக்கு அருகிலுள்ள திருப்பூவனூரில் சிவபெருமான் அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று மணந்தார் என்ற தலபுராணமும் இருக்கின்றது. இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். இவற்றுள் எதைப் பிள்ளைக்கு வரலாறாகச் சொல்வது?


ஏட்டுச்சுவடி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கின்றேன். வாசிகசாலையில் வரலாற்று நூல் வேண்டும் என்பதற்கு உங்கள் மகளின் கதையே மிகச் சிறந்த காரணம்.

இராமன் இலங்கையை முற்றுகையிட்டிருந்த நாட்களில் இராவணனை மகிழ்விப்பதற்காக அவன் மனைவி போரின் உருவாக இந்த ஆட்டத்தை அமைத்தாள் என்ற கதையை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ஜோன்ஸ். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த அவர், இந்தியச் சதுரங்கத்தைப் பற்றி 1790 இல் வெளியான தம் கட்டுரையில், தாம் கேட்டறிந்த கதையாக இதைக் குறிப்பிட்டார். அதன் பின்னர் ஹிராம் கொக்ஸ் என்பவரும், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கீழைத்தேய மொழிகளின் பேராசிரியராக இருந்த டங்கன் போப்ஸ் என்பவரும் இன்னும் தூரம் சென்றார்கள். பகடை உருட்டி நால்வர் ஆடும் சதுரங்கமே மூல ஆட்டம், அது ஐயாயிரம் ஆண்டுகள் பழையது என்று போப்ஸ் 1860 இல் ஒரு முழு நூல் எழுதினார். புராண மேற்கோள் ஒன்றையே அவர் பெரிதும் நம்பினார். பின்வந்த வன் டெர் லிண்டே, வேபர் ஆகிய ஆய்வாளர்கள் மூலங்களைத் தேடிச் சென்றபோது அந்தக் காலக் கணிப்புக்கு ஆதாரம் நிற்கவில்லை. நால்வர் ஆட்டத்தைப் பற்றிய உறுதியான பழைய சான்று 1030 ஆம் ஆண்டளவில் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலிலேதான் கிடைக்கின்றது. இருவர் ஆட்டத்தின் சான்றுகளோ அதைவிடப் பழையவை.

அந்தப் பழைய சான்றுகளைப் பிள்ளைகள் நிச்சயம் விரும்புவார்கள். ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷசரிதத்தில், ஹர்ஷரின் ஆட்சியில் நாற்படையின் அணிவகுப்பைக் கற்பிப்பவை அட்டாபதப் பலகைகள் மட்டுமே என்ற பொருளில் ஒரு வரி வருகின்றது. நாட்டில் வேறு போர் இல்லை என்பது புகழ்ச்சி. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு படைகளை நம் பிள்ளைகள் இலக்கிய பாடத்திலேயே அறிந்திருக்கின்றார்கள். அட்டாபதம் என்பது எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட பலகை. சுபந்துவின் வாசவதத்தையில் இன்னும் அழகான காட்சி உண்டு. மாரிகாலம், மஞ்சளும் பச்சையுமான தவளைகளைக் காய்களாக வைத்து, வயற் பாத்திகளைக் கட்டங்களாக்கி விளையாடுகின்றது என்கின்றார். அங்கே குறிப்பிடப்படுவது சதுரங்கந்தானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாரித்தவளை கத்தும் நம் வயல்வெளியில் வளரும் பிள்ளைக்கு அந்த வரியைச் சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகாது. கருத்து வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

திருப்பூவனூர்த் தலபுராணத்தைத் தலபுராணமாகவும், இராவணன் மனைவியின் கதையைக் கதையாகவும் சொல்லலாம். இரண்டையும் மறைக்கத் தேவையில்லை. ஆட்டம் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் உருப்பெற்று, பாரசீகத்துக்கும் அங்கிருந்து அரபு உலகுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது என்பதே இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர் ஏற்பது. நம் தீவில் பிறந்தது என்று சொல்வதால் நமக்குப் பெருமை கூடாது. சான்று கேட்டு வாசிக்கும் பிள்ளை ஒன்று உருவாவதையே நான் பெருமையாக எண்ணுகின்றேன்.


கோட்டையும் காலாளும் எழுதியது:

திருநெல்வேலித் தந்தையின் முதற் கேள்விக்கு நான் பதில் சொல்கின்றேன். போட்டிப் பயிற்சியை விட்டுக்கொடுக்க நானும் உடன்படமாட்டேன். பழைய விதிகளை ஒரு மாலை ஆடிப் பார்ப்பது போதும். ஒவ்வொரு கிழமையும் அது வேண்டியதில்லை. ஆனால் வரலாறு பயிற்சிக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். கீழேயுள்ள நிலையைப் பலகையில் அடுக்குங்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசையையும் எண் நிரையையும் குறிக்கும்.

வெள்ளை அரசன் பி6, வெள்ளைக் காலாள் சி6. கறுப்பு அரசன் ஏ1, கறுப்புக் கோட்டை டி5. வெள்ளை நகர வேண்டும். நான்கே காய்கள். 1895 இல் கிளாஸ்கோவின் பத்திரிகை ஒன்றில் இது சமநிலையில் முடியும் ஆட்டமாக வெளியிடப்பட்டது. அந்நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் சவேத்ரா, வெள்ளை வெல்ல முடியும் என்று கண்டார்.

காலாள் சி7 க்குச் செல்கின்றது. கோட்டை டி6 இல் முற்றுகை, அதாவது அரசனை நேரே தாக்குகின்றது. அரசன் பி5, கோட்டை டி5. அரசன் பி4, கோட்டை டி4. அரசன் பி3, கோட்டை டி3. அரசன் சி2. இனிக் காலாளை நிறுத்த முடியாது என்று தோன்றும். கறுப்பு தன் கோட்டையை டி4 இல் வைக்கின்றது. இப்போது வெள்ளை அவசரப்பட்டுக் காலாளை எட்டாம் நிரைக்குத் தள்ளி அதற்குப் பதிலாக அரசியை எடுத்தால், கோட்டை சி4 இல் முற்றுகையிடும். அரசி அதை வெட்டியதும் கறுப்பு அரசனுக்கு நகர இடமில்லை, ஆட்டம் சமநிலை. சவேத்ரா கண்ட நகர்வு, எட்டாம் நிரையில் அரசிக்குப் பதிலாகக் கோட்டையை எடுப்பது. அடுத்து ஏ8 இல், அரசன் தப்ப முடியாத இறுதி முற்றுகை அச்சுறுத்துவதால் கறுப்பு தன் கோட்டையை ஏ4 இல் வைக்க வேண்டும். வெள்ளை அரசன் பி3 க்கு வருகின்றான். கோட்டையும் தாக்கப்படுகின்றது, சி1 இல் இறுதி முற்றுகையும் காத்திருக்கின்றது. இரண்டையும் ஒருசேரத் தடுக்க வழியில்லை.

இந்த நிலையை ஒருமுறை ஆடிய பிள்ளை, காலாள் எட்டாம் நிரையை அடையும்போது கை தானாக அரசியை நோக்கிச் செல்வதை நிறுத்தி யோசிக்கும். இதைவிடப் போட்டிக்குப் பயன்படும் பாடம் எது? அதேவேளை இது வரலாறும் ஆகும்.


கொக்குவில் மாணவன் எழுதியது:

சவேத்ரா நிலையை இன்று என் நண்பர்களுக்கு அடுக்கிக் காட்டினேன்; ஒருவரும் கோட்டையை எடுக்க நினைக்கவில்லை. என்னைப் போல ஓரளவு விளையாடத் தெரிந்தவர்கள் வாசிக்க, பெரும் ஆட்டக்காரரின் ஆட்டத் தொகுப்புகள் எவை என்று சொல்ல முடியுமா?


கோட்டையும் காலாளும் எழுதியது:

முதலில் செர்னெவ் தொகுத்த கப்பபிளாங்காவின் இறுதியாட்டங்கள். 60 முழு ஆட்டங்களைத் தொடக்கம் முதல் தந்து, இறுதியாட்டத்தை விரித்து விளக்குவார். அடுத்து பிஷர் 1969 இல் தாமே விளக்கமெழுதிய 60 ஆட்டங்கள். தம் தோல்விகளையும் சமநிலைகளையும் விலக்காமல் சேர்த்திருக்கின்றார், அவற்றை முதலில் வாசியுங்கள். மூன்றாவதாக, 1953 இல் சூரிச்சில் பதினைந்து பேர் மோதிய போட்டியைப் பற்றிப் புரொன்ஸ்டைன் எழுதிய நூல். அதில் 210 ஆட்டங்கள் உள்ளன. இடையாட்டம் என்பது என்னவென்று அறிய அதற்கு நிகரான நூலை நான் காணவில்லை. ஆனால் வாசிகசாலைக்கு ஒரு படி போதும்.

நம்மவர்க்கு நெருக்கமான நூல்கள் வேண்டுமெனில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மனுவல் ஆரோன், இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய இந்தியச் சதுரங்க வரலாறு உண்டு. சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் அவர் நடத்திய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் விளையாடினார். 1988 இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார். 2024 டிசெம்பரில் சிங்கப்பூரில் உலக வாகையரான குகேஷும் சென்னைப் பிள்ளை. ஆனந்தின் ஆட்டத் தொகுப்பை வாங்கினால், அது கடினமானதாக இருந்தாலும், தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தவர் ஆடியது என்ற நெருக்கத்தோடு பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நெருக்கத்தைச் சிறிதாக எண்ணக் கூடாது.


வடமராட்சி வாசிகசாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நிர்வாகசபையில் நேற்று இந்த இழையை வாசித்துக் காட்டினேன். செர்னெவின் இரண்டு நூல்கள், சில்மனின் இறுதியாட்ட நூல், பிஷர் பெயரிலான கற்பித்தல் நூலில் இரண்டு படிகள், ஷெங்கின் நூல், அவர்பாக்கின் வரலாறு, புரொன்ஸ்டைன் என்று முடிவு செய்திருக்கின்றோம். ஆனந்தின் நூலை ஊரவர் ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றார். எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் கலந்தே வைப்போம். கப்பபிளாங்காவின் முதல் அத்தியாயத்தைத் தமிழாக்க நெல்லியடி ஆசிரியையும் நானும் இன்னும் இருவரும் இணைந்திருக்கின்றோம்.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கின்றது. இணையத்தில் கிடைக்கும் மூலப் பதிப்பில் நகர்வுகள் இன்றைய முறையில் இல்லை. பிள்ளைகள் குழம்புவார்கள் போலிருக்கின்றதே?


நெல்லியடி ஆசிரியை எழுதியது:

அது பழைய விவரணக் குறிமுறை. அதில் ஒவ்வொரு நிரலும், அதாவது ஒவ்வொரு நெடுக்கு வரிசையும், தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயின் பெயரால் அழைக்கப்படும். கட்டங்களை ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் பக்கத்திலிருந்து எண்ணுவர். ஆகவே ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர்கள் வரும். இன்று நாம் ஈ4 என்று சொல்லும் கட்டம் வெள்ளைக்கு அரசன் நிரலின் நான்காம் கட்டம், கறுப்புக்கு அதே நிரலின் ஐந்தாம் கட்டம். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் எஞ்சியது பழக்கமே.

தமிழாக்கத்தில் நாம் இன்றைய முறையையே பயன்படுத்துவோம். மூலத்திலிருந்து மாற்றும்போது ஒவ்வொரு நகர்வையும் பலகையில் வைத்துப் பார்த்த பின்னரே எழுத வேண்டும். கறுப்பின் நகர்வுகளிலேயே பிழை நேரும். தரம் 9, 10 பிள்ளைகளிடம் சரிபார்க்கும் வேலையைக் கொடுக்கலாம் என்று நினைக்கின்றேன். ஒருவர் மூலத்தைப் பார்த்தும் மற்றவர் நம் கொப்பியைப் பார்த்தும் தத்தம் பலகையில் காய்களை நகர்த்தட்டும். இருவருடைய பலகையும் ஒரே நிலையில் முடிந்தால் அந்தப் பக்கம் சரி. வருகிற ஞாயிறு அரசனும் கோட்டையும் கொண்டு முடிக்கும் பகுதியைக் கொண்டுவருகின்றேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் சேர்த்துக்கொள்கின்றேன். சென்னையிலிருந்து நூல் கொண்டுவருபவரிடம், பழைய நூல்களை மீள அச்சிடும் பதிப்பகங்களின் சதுரங்க வரலாறுகளை ஆண்டு பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போப்ஸின் 1860 ஆம் ஆண்டு நூல் புதிய அட்டையோடு கைக்கு வந்தால், ஐயாயிரம் ஆண்டுக் கதையே அலுமாரிக்குள் வந்து சேரும். அவர்பாக்கின் நூலும் ஷெங்கின் நூலும் உங்கள் பிள்ளைகளுக்குப் போதும். மறேயின் முதல் அத்தியாயங்களிலிருந்து பாணர், சுபந்து பற்றிய பகுதிகளை நான் தமிழில் எழுதி இந்த மாத முடிவுக்குள் வாசிகசாலைக்கு அனுப்புகின்றேன்.